சடைமுடித் தொடக்கப் பெட்டி: எது தலைக்கு, எது குப்பைக்கு

இணையக் கடைகளில் ட்ரெட்லாக்ஸ் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ‘தொடக்கப் பெட்டி’தான். கடைக்குக் கடை பெயர் மாறும், அட்டைப் படம் மாறும். உள்ளே இருக்கும் சாமான் அநேகமாக ஒன்றே. இரும்புச் சீப்பு, மெழுகு டப்பா, ஒரு பொட்டலம் ரப்பர் வளையம், கொக்கி ஊசி மூன்று, ஷாம்பு கட்டி, உப்புநீர்த் தெளிப்பான், ஒரு டஜன் கிளிப். ஆக ஏழு. சடை என்றதும் பின்னலை நினைக்க வேண்டாம். இங்கே சொல்வது சிவனுக்கும் பண்டாரங்களுக்கும் உள்ள சடை. ஜமைக்காவில் 1930களில் எழுந்த ராஸ்தஃபாரி இயக்கத்தார் பின்னாளில் உலகறியச் செய்த சடை.

காசுக்குப் பெறுமா என்று கேட்பவர்களுக்கு: கொக்கி ஊசியும் சீப்பும் பெறும். ஷாம்பு கட்டியைச் சோதித்துப் பார்த்தபின் பயன்படுத்தலாம். கிளிப் எந்தப் பல்பொருள் கடையிலும் கிடைக்கும். மெழுகு, ரப்பர் வளையம், உப்புநீர் மூன்றும் சிங்கப்பூரில் தலைக்குக் கெடுதல்.

காரணம் முடியிலும் இருக்கிறது, காற்றிலும் இருக்கிறது. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் செய்முறைத் தாளின் முறை நெருக்கமான சுருள்முடிக்கு உரியது. அந்த முடியைச் சீப்பு நுனியால் சுழற்றிவிட்டாலே சுருள் நிற்கும், நாளடைவில் தானே சிக்கிச் சடையாகும். நம்மில் பலருக்கு முடி நேராகவோ அலையாகவோதான் இருக்கும். சுழற்றிவிட்டது முதல் குளியலிலேயே அவிழும். அவிழாமல் ஒட்டிவைக்கத்தான் மெழுகு. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கொக்கி ஊசி. 0.5 மி.மீ. முதல் 0.75 மி.மீ. வரையுள்ள முனைதான் வேண்டும். 1 மி.மீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு குத்திலும் முடி அறும். பெட்டியில் வரும் மூன்றில் ஒற்றைமுனை ஊசிகள் இரண்டு போதும். மூன்று முனை ஒட்டிய ஊசியை எடுத்துத் தனியே வையுங்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை, ஆனால் புதுக் கை பிடித்தால் முடி கொத்தாகப் பிய்ந்து வரும். ஊசியைத் தலையில் வைக்குமுன் ஒரு பழைய நைலான் காலுறையில் குத்தி இழுத்துப் பாருங்கள். கொக்கி வாயைத் தவிர வேறெங்காவது நூல் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. நகம் தேய்க்கும் அரத்தால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் சரியாகும். கைப்பிடிக்குள் ஊசி சுழலவும் கூடாது. சுழன்றால் கொக்கி வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாமல் போகும், திருப்பி அனுப்பிவிடலாம்.

தொடங்க முடி குறைந்தது 15 செ.மீ. நீளம் வேண்டும். சிக்கிச் சுருங்கும்போது மூன்றில் ஒரு பங்கு நீளம் போகும், நேர்முடியில் அதற்கு மேலும் போகும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி, முழுக்கக் காயவைத்து, தலையை 2 முதல் 2.5 செ.மீ. சதுரங்களாகப் பிரிக்க வேண்டும். வகிடு நேர்கோட்டில் ஓடாமல், செங்கல் அடுக்குவதுபோல் ஒரு வரிசைச் சதுரம் மேல்வரிசைச் சந்துக்குக் கீழே அமைய வேண்டும். அப்போதுதான் மண்டைத் தோல் வரிவரியாகத் தெரியாது. சாதாரணத் தலைக்கு 40 முதல் 60 சடை வரும். கிளிப்பின் வேலை இங்கேதான், பிரித்த சதுரங்கள் கலக்காமல் பிடித்துக்கொள்ள.

ஒரு சதுரத்து முடியை நேராகத் தூக்கிப் பிடித்து, தோலிலிருந்து 2 செ.மீ. தள்ளி இரும்புச் சீப்பை வைத்து வேரை நோக்கி ஐந்தாறு முறை அழுத்தி வாருங்கள். அடியில் ஒரு முடிச்சு திரளும். சற்று மேலே போய் மறுபடியும் அதேபோல், நுனிவரை. பிளாஸ்டிக் சீப்பின் பல் இந்த அழுத்தத்துக்கு நிற்காது என்பதால்தான் இரும்புச் சீப்பு காசுக்குப் பெறும் என்றது. பிறகு கொக்கி. சடையின் பக்கவாட்டில் குத்தி, நாலைந்து முடியை மட்டும் பிடித்து, சடைக்குள்ளேயே குறுகிய இழுப்பாக இழுத்து விட வேண்டும். மறுபக்கம் கொக்கி வெளியே வந்தால் குத்து ஆழம் கூடிவிட்டது என்று பொருள். இடக்கைக் கட்டைவிரலால் சடையை மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கம் வரும். ‘டிக் டிக்’ என்று கேட்டால் முடி அறுகிறது, வேகத்தைக் குறையுங்கள். ஒரு சடைக்கு 30 முதல் 50 நிமிடம் பிடிக்கும். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கடைசிப் பத்துச் சடை கோணல்மாணலாகத்தான் வரும். இருவர் சேர்ந்து இரண்டு வாரயிறுதிகளில் செய்வது நல்லது. பிடரியை எப்படியும் மற்றொருவர்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது மெழுகு. பெரும்பாலான டப்பாக்களில் இருப்பது தேன்மெழுகு, அல்லது தேன்மெழுகுடன் பெட்ரோலியம் ஜெல்லி. தேன்மெழுகு உருகும் சூடு 62 முதல் 64 டிகிரி செல்சியஸ். நாம் குளிக்கும் வெந்நீர் 40 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ஆகவே எத்தனை முறை தலைக்கு ஊற்றினாலும் மெழுகு கரையாது. ஆனால் வெயிலில் இளகிப் பிசுபிசுப்பாகும். துண்டின் நூல், தலையணைப் பஞ்சு, சாலைத் தூசு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சடைக்குள் போன நீர் வெளியேறவும் வழி விடாது. ஏற்கெனவே பூசிவிட்டவர்கள் வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயைச் சடையில் ஊறவைத்து, அரை மணிக்குப்பின் பாத்திரம் கழுவும் திரவத்தால் பிசைந்து கழுவி, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்தால் பாதிக்கு மேல் போகும். முழுவதும் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பொடிமுடி நிற்கிறதே என்றால் கற்றாழைச் சாறு போதும். தேக்கா ஈரச்சந்தையில் மடல் வாங்கி, வெட்டிய முனையைக் கீழாக நிறுத்தி மஞ்சள் பால் வடிந்தபின், உள்ளே இருக்கும் சதையை அரைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். விரல்நுனியில் தொட்டு வேரோரம் மட்டும் தடவ வேண்டும். அளவு கூடினால் காய்ந்து வெள்ளைச் செதிலாக உதிரும், பொடுகு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ரப்பர் வளையம் சடையின் அடியிலும் நுனியிலும் போடுவதற்கு. அடியில் போட்டால் ஒரே இடத்தில் நெரித்து முடியை அறுக்கும். வியர்வையில் ரப்பர் இற்று, துணுக்குகள் முடியோடு முடியாகப் புதைந்துவிடும். நுனியில் போட்டவர்கள் இரண்டு வாரத்துக்குள் கத்தரித்து எடுத்துவிட வேண்டும். உருவக் கூடாது.

உப்புநீர்த் தெளிப்பான், வறண்ட ஊரில் நல்ல பொருள். முடியைச் சொரசொரப்பாக்கிச் சிக்க வைக்கும். ஆனால் சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சி நீர்க்கும். சமையலறை உப்பு ஜாடிக்குள் கட்டிதட்டுவதும் இதனால்தான். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். தெளித்த உப்பு சடையை இரவு முழுக்க நசநசவென்று வைத்திருக்கும். நம் வியர்வையிலேயே வேண்டிய உப்பு உண்டு.

ஷாம்பு கட்டிக்கு ஒரு சிறு சோதனை. நகக்கண் அளவு சீவி அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்து, ஒரு கரண்டி நீரை முகம்பார்க்கும் கண்ணாடியில் ஊற்றிக் காயவிடுங்கள். வெண்படலம் படிந்தால் அதே படலம் சடைக்குள்ளும் படியும். படலம் இல்லையென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டியை நேரே தலையில் தேய்க்காமல் உள்ளங்கையில் நுரைத்துத் தோலில் மட்டும் தேயுங்கள். நுரை வழியும்போது சடையும் சுத்தமாகும். கண்டிஷனர் வேண்டாம், அது சிக்கெடுக்கவே செய்த பொருள். சீயக்காய், அரப்பு, மருதாணி மூன்றும் நம் வீடுகளில் இருப்பவை. தூளாகப் போட்டால் சடைக்குள் போன தூள் திரும்பி வராது. சீயக்காயைக் கொதிக்கவைத்து, இரண்டு முறை துணியில் வடிகட்டிய தெளிநீராக விடலாம். எண்ணெயும் அப்படித்தான். தீபாவளிக் குளியலுக்கு ஒரு கை நல்லெண்ணெய் எடுத்து அரக்கித் தேய்ப்பது சடைக்கு ஆகாது. வழுக்கி அவிழும், தங்கும் எண்ணெய் நாளாவட்டத்தில் சிக்குநாற்றம் எடுக்கும். சொட்டுக் குப்பியால் ஐந்தாறு சொட்டு, தோலில் மட்டும். சாம்பிராணிப் புகை காயவைக்காது, மணத்தோடு கரியையும் சேர்த்து உள்ளே விடும்.

பெட்டியில் எங்கும் சொல்லாத விஷயம் காயவைப்பு. சிங்கப்பூரில் சடையைக் கெடுப்பது அழுக்கைக் காட்டிலும் ஈரந்தான். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 விழுக்காடுவரை இறங்கும். ஆகவே தலைக்குக் குளிப்பது காலை பத்துப் பதினொரு மணிக்கு இருக்கட்டும். வேலை முடிந்து வந்து இரவில் குளித்து, மின்விசிறிக்கடியில் படுத்தால் நடுச்சடை மறுநாளும் ஈரமாகவே இருக்கும். தொடங்கி ஒரு வாரம் பத்து நாள் கழித்து முதல் குளியல், அதன்பின் வாரம் இரண்டு முறை. சடை ஒவ்வொன்றையும் வேரிலிருந்து நுனிக்குக் கையால் பிழிந்து, பழைய பருத்திச் சட்டையில் சுற்றி மறுபடி பிழிய வேண்டும். பூந்துவாலை வேண்டாம், நூல் ஒட்டும். பிறகு முடியுலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்து 20 நிமிடம். காய்ந்ததா என்று அறிய, தடித்த சடையின் நடுப்பகுதியை மேலுதட்டில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. முழுக்கக் காயும்வரை கொண்டை போடாதீர்கள், தலைக்கவசமும் மாட்டாதீர்கள். கட்டைவிரல் தடிமனில் சடை வைத்தால் இந்த ஊரில் ஒரு பகலில் காயாது. சதுரத்தை 2.5 செ.மீட்டருக்குள் வைக்கச் சொன்னது அதற்காகவும்தான்.

காயாத துணி மாதிரி வாடை வந்தால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. வாளியில் நாலு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கால் கப் சமையல் சோடாவைக் கரைத்து, சடையை 15 நிமிடம் ஊறவிட்டுப் பிழிந்து அலசுங்கள். வெளிவரும் தண்ணீரின் நிறமே எவ்வளவு தேங்கியிருந்தது என்று காட்டும். அதன்பின் ஒரு பங்கு ஆப்பிள் வினிகரில் நான்கு பங்கு நீர் கலந்து ஊற்றி, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கி ஒன்றையொன்று முறித்துவிடும், இரண்டுமே பயன்படாது. சோடா காரத்தன்மை உள்ளது, தோலோ அமிலத்தன்மை உள்ளது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் தோல் தாங்காது. இத்தனைக்குப் பிறகும் வாடை வரும் சடையை வெட்டி எடுப்பதுதான் வழி.

முடி மாதம் ஏறக்குறைய 1.25 செ.மீ. வளரும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வேரைக் கொக்கியால் உள்ளே சேர்க்கலாம், அதற்குமேல் அடிக்கடி வேண்டாம். சடை நுனியையே வேருக்குள் நுழைத்து இழுக்கும் முறையில் செய்பவர்கள் வலம், இடம், மேல், கீழ் என்று திசை மாற்றி நுழைக்க வேண்டும். ஒரே திசையில் நுழைத்துக்கொண்டே போனால் வேரடியில் ஓட்டை விழுந்து சடை இரண்டாகப் பிரியும். செய்து முடித்த அன்று இரவு தலைவலி வந்தாலோ, நெற்றியோரம் சிறு கொப்புளம் தெரிந்தாலோ இறுக்கம் அதிகம். அப்படியே மாதக்கணக்கில் விட்டால் நெற்றிக்கோடு பின்வாங்கும்; வேர்க்கால் செத்துப் போன இடத்தில் முடி திரும்ப முளைக்காது. சீழ் கட்டினால் பலதுறை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள்.

சடை முதிர 12 முதல் 18 மாதம் ஆகும். முழுநேரத் தேசிய சேவைக்கு அழைப்பு வரவிருக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும், முதல் நாளே தலை மழிக்கப்படும்.

பெட்டிக்குப் பதில் முடிதிருத்தகத்துக்குப் போக நினைப்பவர்கள் முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மெழுகு போடுவீர்களா? கொக்கி எத்தனை மி.மீ.? நேர்முடியில் நீங்கள் செய்து ஆறு மாதம் ஆன சடையின் படம் இருக்கிறதா? செய்த அன்றைக்கு எடுத்த படத்தை மட்டும் காட்டினால் அங்கே உட்கார வேண்டாம். முதல் நாளில் எல்லாச் சடையும் அழகாகத்தான் இருக்கும், வேலையின் தரம் ஆறாம் மாதத்தில்தான் தெரியும்.