எச்சரிக்கை: 8,400 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த 'புது' எஸ்எஸ்டி

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். டவுனில் இருக்கிற, கூப்பிட்டால் வீட்டுக்கே ஆள் அனுப்புகிற ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போன பணம் 8,400 ரூபாய். எஸ்எஸ்டி என்றால் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, ஃபைல்களைச் சேமித்து வைக்கிற வேகமான சாமான். நீங்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் டியூஷன் எடுக்கிறேன். வீட்டுக்காரர் கத்தாரில். 2018-இல் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர்தான் எனக்கு எல்லாமே. கேள்வித்தாள் அடிப்பது, ஃபீஸ் கணக்கு, ராத்திரி அவரோடு வீடியோ கால், எல்லாம் அதில்தான். ஒரு வருஷமாகவே அது படுத்திக்கொண்டிருந்தது. ஆன் செய்துவிட்டுச் சோறு வடித்துவிட்டு வந்தால்தான் திரை தெளியும். சரி, வயசாகிவிட்டது என்று பொறுத்துப் போனேன். மழை தொடங்கியதும் அதுவும் நின்றது. பட்டனை அமுக்கினால் ஃபேன் சுத்தும், மூன்று தடவை 'பீப்' என்று கத்தும், திரையில் ஒன்றும் வராது. மானிட்டர் 'நோ சிக்னல்' என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடும்.

அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. கடைக்குப் போன் செய்தேன். அன்றைக்குச் சாயங்காலமே, கொட்டுகிற மழையில், கோட்டு போட்டுக்கொண்டு ஒரு பையன் பைக்கில் வந்தான். நான் ஏமாந்தது அந்த அரை மணி நேரத்தில்தான்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தான். மாமியார் கட்டன் சாயாவும் இரண்டு மட்டிப்பழமும் கொடுத்தார்கள். "உனக்க வீடு எங்க மக்ளே?" என்று அவர்கள் கேட்க, அவன் ஊரைச் சொல்ல, அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்க, பிறகு கேட்க வேண்டுமா? சிபியு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, உச்சுக் கொட்டினான். "அக்கா, ஹார்டு டிஸ்க் செத்துப்போச்சு. ரேமும் போச்சு. விண்டோஸ் 10-உம் முடிஞ்சுபோச்சு, இனி ஓடாது. கடைக்குக் கொண்டுபோய் எல்லாம் புதுசா போட்டுத் தாறேன்" என்றான். (ரேம் என்றால் கம்ப்யூட்டர் ஓடும்போது பயன்படுத்துகிற தற்காலிக நினைவகப் பலகை.) கேள்வித்தாள் எல்லாம் இருக்கிறதே என்றேன். "பயப்படாண்டாம் அக்கா, ஒரு ஃபைலும் போவாது. எனக்க பொறுப்பு."

எனக்க பொறுப்பு. அந்த ஒரு சொல்லுக்காகச் சிபியுவை நானே பழைய பெட்ஷீட்டில் சுற்றி, நனையாமல் பாலித்தீன் கவர் போட்டு, பைக்கில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து வந்தது. எஸ்எஸ்டி 3,800, ரேம் 2,500, விண்டோஸ் 11-க்கு 1,500, சர்வீஸ் 800. மொத்தம் 8,600. ஜிபே செய்யட்டுமா என்று கேட்டதற்கு, "கேஷா தந்தா 200 குறைச்சுக்கலாம் அக்கா, ஜிஎஸ்டி போடாண்டாம்" என்றான். 200 ரூபாய்க்கு ஆசைப்பட்டு 8,400 ரூபாயை எண்ணிக் கையில் கொடுத்தேன். ஒரு துண்டுச்சீட்டில் 'சர்வீஸ் 8400' என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்தான், கடை சீல்கூட இல்லை. எந்தப் பரிவர்த்தனைக்கும் சான்றுச் சீட்டு வேண்டும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிறவள் நான். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள்.

அன்றைக்கு ராத்திரியே வயிற்றைக் கலக்கிவிட்டது. டெஸ்க்டாப்பில் கிடந்த பத்துப் பதினைந்து ஃபைல், கொஞ்சம் போட்டோ, அவ்வளவுதான் இருந்தது. டி டிரைவ் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. கேள்வித்தாள் எல்லாம் டி டிரைவில்தான். இரண்டாம் நாள் திரையின் மூலையில் 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்' என்று ஆங்கிலத்தில் வந்து உட்கார்ந்தது. 1,500 ரூபாய் விண்டோஸ்!

என்னிடம் படித்து இப்போது பாலிடெக்னிக்கில் இருக்கிற பையன் ஒருவனைக் கூப்பிட்டேன். அவன் டிஸ்க்கின் நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருளைப் போட்டான். 'பவர் ஆன் அவர்ஸ்', அதாவது இதுவரை ஓடிய மணி நேரம், என்ற இடத்தில் விரலை வைத்து, "டீச்சர், இதப் பாருங்க" என்றான். 21,643 மணி. புது எஸ்எஸ்டி என்றால் அங்கே பூஜ்யம், மிஞ்சினால் ஒன்றோ இரண்டோதான் இருக்கும் என்றான். நான் கணக்கு டீச்சர், 24-ஆல் வகுத்தேன். 901 நாள். ராத்திரி பகல் நிற்காமல் இரண்டரை வருஷம் வேறெங்கோ ஓடித் தேய்ந்த சாமான். அதன் சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டால் வாரன்டி முடிந்துவிட்டது என்கிறது.

அவன் அதோடு விடவில்லை. மூன்று பீப் அடித்து படம் வரவில்லை என்றால் பெரும்பாலும் ரேம் தகராறுதானாம். நம் ஊர் ஈரக்காற்றில் ரேமின் பித்தளை நிறப் பல்லில் களிம்பு ஏறிவிடும், கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினாலே பல தடவை சரியாகிவிடும் என்றான். சுற்றிலும் ரப்பர் மரமாக நிற்கிற வீட்டில் இருந்துகொண்டு அஞ்சு ரூபாய் ரப்பர் தெரியாமல் 8,400 ரூபாயைக் கொடுத்திருக்கிறேன். விண்டோஸ் 10 ஓடாது என்றதும் பொய். 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு இலவச அப்டேட் நின்றது, அவ்வளவே. கம்ப்யூட்டர் ஓடும். பாதுகாப்பு அப்டேட் மட்டும் அந்தத் தேதிக்குப் பிறகும் ஒரு வருஷத்துக்குப் பதிவு செய்து வாங்கிக்கொள்ள வழி வைத்திருந்தார்களாம். என்னுடையது ஏழாம் தலைமுறை ஐ3 பிராசஸர், விண்டோஸ் 11-க்கு முறைப்படித் தகுதியே கிடையாது. குறுக்கு வழியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

சரி, கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள், "டெக்னீஷியன் வெளிய போயிருக்காரு." மறுநாள், "ஓனர் ஸ்பேர்ஸ் எடுக்கத் திருவனந்தபுரம் போயிருக்காரு." அந்தப் பையன் நம்பருக்கு வாட்ஸ்அப் போட்டால் நீல டிக் விழும், பதில் வராது. முந்தாநாள் பஸ் ஏறி நேரிலேயே போனேன். கவுண்டரில் இருந்த பெண் உட்காரச் சொன்னாள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஓனர் உள்ளே இருந்துதான் வந்தார்! கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறார்.

"பில் இருக்கா மேடம்?" முதல் கேள்வியே அதுதான். சீட்டைக் காட்டினேன். "இதுல எங்க கடைப் பேரே இல்லையே" என்றார். 21,643 மணி போட்டோவைக் காட்டினேன். கொஞ்சமும் கூசாமல், "கம்பெனியில டெஸ்ட் பண்ணித்தான் மேடம் அனுப்புவாங்க" என்றார். இரண்டரை வருஷமா டெஸ்ட் செய்வார்கள்? கேட்டேன். அதற்குள் வேறு ஆளின் லேப்டாப்பைத் திறந்துவிட்டார்.

பழைய ஹார்டு டிஸ்க்கையாவது கொடுங்கள் என்றேன். அது டெட்டு, ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். டெட் ஆன டிஸ்க்கிலிருந்து டெஸ்க்டாப் ஃபைலை மட்டும் எப்படி எடுத்தீர்கள்? அதற்கும் பதில் இல்லை. பழைய ரேம் எங்கே என்றதற்குச் சிரித்தார். பையனைக் கேட்டால், வேலையை விட்டு நின்றுவிட்டானாம். நான் படி இறங்கும்போது கடைக்குப் பக்கவாட்டில் அவன் பைக் நிற்கிறது, அதே மழைக்கோட்டு சீட்டில் காய்கிறது.

8,400 ரூபாய் போனதுகூடப் போகட்டும். அந்த டிஸ்க்கில் வீட்டுக்காரரின் பாஸ்போர்ட், என் ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அது யார் கையில் இருக்கிறதோ என்று நினைத்தால்தான் பதறுகிறது. பேங்க் பாஸ்வேர்டுகளை நேற்றே மாற்றிவிட்டேன்.

1915-க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். சரியாகவில்லை என்றால் நாகர்கோவிலில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், ஆறு மணி பேட்ச் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சுருக்கமாக: சிபியுவைக் கடைக்குக் கொடுக்காதீர்கள், கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கிற ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் போட்டோ எடுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். சீரியல் நம்பர் போட்ட பில் இல்லாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள், கேஷாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. போன அந்த ஹார்டு டிஸ்க் 1 டிபி. வீட்டுக்காரர் லீவில் வந்தபோது வாங்கிப் போட்டது, மேலே கறுப்பு மார்க்கரில் 12.8.21 என்று அவர் கையெழுத்தில் இருக்கும். ஏழில் குறுக்கே கோடு போடுகிறவர், அதனால் ஒன்றுக்கும் தலையில் கொக்கி போட்டிருப்பார். மாவட்டத்தில் யாராவது பழைய டிஸ்க் வாங்கி அப்படி ஒன்று கையில் வந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். என்ன விலை கொடுத்தீர்களோ அதைத் தந்து வாங்கிக்கொள்கிறேன்.