சட்டக் கல்லூரி மன்றங்களில் ஐந்து வருடம்: அந்த நோட்டின் கடைசிக் கட்டம்

சித்தி மகளுக்கு ஐந்து வருடச் சட்டப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. ஃபீஸ் கட்டிவிட்டு வந்த அன்றைக்கு ராத்திரியே போன் பண்ணி, "அக்கா, காலேஜ்ல எந்த கிளப்புல சேர்றதுங்க?" என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் பேசினேன், அதில் பாதி ஒரே ஒரு நோட்டைப் பற்றி. போனை வைத்த பிறகும் மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். இந்த வருடம் சேருகிற வேறு பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

நான் 2018-ல் சேர்ந்து 2023-ல் முடித்தேன். இப்போது ஈரோட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். படித்த கல்லூரியும் கொங்குப் பக்கம்தான், பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவது ஒரு கல்லூரியின் குறை மட்டுமில்லை என்பதை கோர்ட்டில் மற்ற கல்லூரிக்காரர்களோடு பேசும்போது தெரிந்துகொண்டேன்.

சின்ன மன்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் மன்றம் நன்றாக இருந்தது, மேடைக் கூச்சம் அங்கேதான் போயிற்று. டிபேட் கிளப் வருடத்துக்கு இரண்டு முறை உயிர் பெறும். தகவல் உரிமைக்கு என்று ஒரு குழு இருந்தது, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டு 30 நாள் காத்திருக்கக் கற்றுக்கொண்டோம், அந்த ஒரு பழக்கத்துக்காகவே அதில் சேரலாம். என்எஸ்எஸ் எல்லாக் கல்லூரியிலும் இருப்பதுதான்.

பெரிய மன்றம் என்றால் இரண்டு, மூட் கோர்ட்டும் (கற்பனை வழக்கில் வாதாடிப் பழகுவது) லீகல் எய்டும் (இலவசச் சட்ட உதவி).

மூட் கோர்ட்டில் பாடத்துக்காக எல்லோரும் செய்வது ஒன்று உண்டு. பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி மூன்று மூட், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண், எழுத்துக்கு 5, பேச்சுக்கு 5. நான் சொல்வது அதையில்லை, வெளியூர்ப் போட்டிகளுக்கு டீம் அனுப்புகிற சங்கத்தை. டீமுக்கு மூன்று பேர், இரண்டு பேர் பேச, ஒருவர் ஆராய்ச்சிக்கு. எனக்கு முதல் வருடம் ஆராய்ச்சிதான் கிடைத்தது, ஏனென்றால் என் இங்கிலீஷ் அப்போது அப்படி. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் நடந்தது. கோட்டும் கிடையாது. ஹாஸ்டலில் ஒரே கோட்டை நான்கு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போனோம், வலது கை முட்டியில் துணி பளபளவென்று தேய்ந்து போயிருக்கும், நடுவர் முன்னால் அந்தக் கையைக் கீழேயே வைத்துக்கொண்டு பேசின ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கு ஈரோடு கோர்ட்டில் நான் கட்சிக்காரரிடம் கேட்டு எழுதுவதும் தமிழில், எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதும் தமிழில், சாட்சி கூண்டில் சொல்வதும் தமிழில். பிறகு எதற்கு ஐந்து வருடமும் ஒரு மூட் கோர்ட் கூடத் தமிழில் நடத்தவில்லை என்று இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தச் சங்கம் காகிதக் கட்டுகளை வைக்கிற விதம் சுத்தம். மனுதாரர் தரப்பு மெமோரியலுக்கு (எழுத்து வாதத்துக்கு) நீல அட்டை, எதிர்த் தரப்புக்குச் சிவப்பு அட்டை, ஒவ்வொரு போட்டிக்கும் இரண்டு தரப்பும் ஸ்பைரல் பைண்டிங் போட்டு, முதுகில் வருடம் எழுதி, கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும். எனக்குப் பத்து வருடம் முன்னால் படித்தவர்கள் எழுதியதைக்கூட எடுத்துப் படிக்கலாம். அதில் இருக்கிற கட்சிக்காரர்கள் எல்லோரும் கற்பனை, ஊர் கற்பனை, சண்டையும் கற்பனை. அதற்கே அந்த மரியாதை.

லீகல் எய்டுக்கு அதே கட்டிடத்தில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு ரூம், ஒரு மேசை, ஒரு பீரோ. 1987-ம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே சட்டக் கல்லூரிகளில் இப்படி மையங்கள் நடக்க வேண்டும் என்று இருக்கிறது, 2011-ல் அதற்கென்று தனி ஒழுங்குமுறைகளும் வந்தன. மாணவர்கள் கோர்ட்டில் ஆஜராக முடியாது. கேட்பது, எழுதுவது, மனுத் தயார் செய்வது, மாவட்ட ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைப்பது, இவ்வளவுதான். இந்த ஐந்து வருடத்தில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் கொடுத்த இடம் அதுதான். மனுசர்களிடம் எப்படிக் கேட்பது என்று அங்கேதான் படித்தேன். ஒரு பெண் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் இலவச வக்கீல் கிடைக்கும், அதற்கு வருமான வரம்பு கிடையாது என்று சொன்னதும், அதுவரை வாசலில் நின்றவர் உள்ளே வந்து உட்காருவார். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பல்லடம் பக்கம் ஒரு முகாமில் ஸ்பின்னிங் மில் தொழிலாளி ஒருவர் வந்தார். 11 வருடம் வேலை பார்த்துவிட்டு நின்றுவிட்டார், கணக்கு முடித்தபோது வேலையை விடும்போது தர வேண்டிய கிராஜுட்டி என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. கடைசிச் சம்பளம் மாதம் 12,000, பதினைந்தால் பெருக்கி இருபத்தாறால் வகுத்து, பதினொரு வருடத்துக்கு என்று அவர் முன்னாலேயே போட்டுக் காட்டினேன், 76,153 ரூபாய் வந்தது. பேனாவை வாங்கி அவரும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். போகும்போது "உங்க நம்பரக் குடுங்க, ஏதாச்சும்னா கூப்பிடறேன்" என்று அவராகவே என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மில்லில் இழுத்தடித்தபோது இரண்டு தடவை கூப்பிட்டார், அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன், மூன்றாவது தடவை கூப்பிட்டது செக் வந்துவிட்டது என்று சொல்ல. அன்றைக்கு ஹாஸ்டலில் யாருமே என்னைப் பேசாமல் இருக்க வைக்க முடியவில்லை.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

மையத்தில் ஒரு நீள நோட்டு உண்டு. ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போட்டிருக்கும்: தேதி, பெயர், ஊர், விவரம், மேல் நடவடிக்கை. போன் நம்பருக்குக் கட்டம் இல்லை. கடைசிக் கட்டம் பக்கத்துக்குப் பக்கம் காலி.

2020 ஜனவரி, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. பெருந்துறைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் ஒரு ஊர், சமுதாயக் கூடத்தில் முகாம். அறுபதை ஒட்டின ஒரு அம்மா மஞ்சப்பையிலிருந்து நாலாக மடித்த சிட்டா நகலை எடுத்து வைத்தார். "ஏங் கண்ணு, பொட்டப்புள்ளைக்கும் பூமில பங்கு உண்டுங்கறாங்களே, நெசமா?" பூர்வீகத் தோட்டம், கிணற்றோடு மூன்று ஏக்கர். அப்பா 1998-ல் தவறிவிட்டார், அம்மாவும் இல்லை, ஒரே அண்ணன், இதுவரை பாகப்பிரிவினை எதுவும் இல்லை. பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் அண்ணன் கையெழுத்துக் கேட்கிறார். இவருக்குக் கல்யாணம் ஆனது 1984-ல்.

நானும் ஃபைனல் இயர் அண்ணா ஒருவரும் உட்கார்ந்து யோசித்தோம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு தருகிற இந்து வாரிசுச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25-லிருந்து, அதற்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு அதில் இடமில்லை. 2005-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை, ஆனால் அப்பா 2005 செப்டம்பர் 9 அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. ஆகவே தோட்டம் அப்பாவுக்குப் பாதி, அண்ணனுக்குப் பாதி, இவருக்கு அப்பாவின் பாதியில் பாதி, மொத்தத்தில் கால் பங்கு, 75 சென்ட் என்று சொன்னோம். அந்த அம்மா சிட்டாவைத் திரும்பவும் அதே மடிப்பில் மடித்தார். "எங்கண்ணனுக்கு எணச்சீர் செஞ்சவ நானு. முக்கா ஏக்கராவுக்குப் போயி அண்ணங்கூட மல்லுக்கு நிக்கறதா" என்று சொல்லி எழுந்து போனார். எணச்சீர் என்பது எங்கள் பக்கக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்கிற சீர். நோட்டில் நான்தான் எழுதினேன், என் கையெழுத்தில்: "சொத்து, பாகம் – ஆலோசனை வழங்கப்பட்டது." கடைசிக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை.

அப்புறம் கொரோனா. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறையாகப் பாகம் பிரித்திருந்தாலோ, விற்றோ உயில் எழுதியோ இருந்தாலோ மட்டும்தான் அதைத் தொட முடியாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டிருந்தேன், பாதியிலேயே அந்த மஞ்சப்பை ஞாபகம் வந்துவிட்டது. அப்பா, அண்ணன், அந்த அம்மா என்று மூன்று பங்கு; அவருக்கு மூன்றில் ஒன்று, அதோடு அப்பாவின் மூன்றில் ஒன்றில் பாதி, ஆக மொத்தம் சரிபாதி, ஒன்றரை ஏக்கர். நாங்கள் முக்கால் ஏக்கர் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். அன்றைய சட்டப்படி நாங்கள் சொன்னது சரிதான், ஆனால் சட்டம் மாறிவிட்டது என்று சொல்ல அவர் நம்பர் யாரிடமும் இல்லை. கல்லூரி பூட்டியிருக்கிறது, நோட்டு பீரோவுக்குள்.

திறந்த பிறகு முதல் வேலையாக அந்த நோட்டை எடுத்தேன். பெயர் இருந்தது, அந்தப் பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். டீக்கடையில் கேட்டு, கோயில் பக்கத்தில் கேட்டு, மத்தியானத்துக்கு ஒரு வீட்டைக் கண்டுபிடித்தால் பூட்டுப் போட்டிருக்கிறது. திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்களாம், எந்தப் பக்கம் என்று பக்கத்து வீட்டில் தெரியவில்லை. தோட்டம் கைமாறியதா, கையெழுத்துப் போட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதிலிருந்து நம்பருக்கு ஒரு கட்டம் போடுங்கள் என்று ஒவ்வொரு முகாமுக்கும் சொன்னேன். பொறுப்பு ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது, வகுப்பும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வெயிலில் வந்தவர், வண்டிக்குப் பல தடவை சொந்தப் பணம் போட்டவர். ஆனால் முகாம் முடிந்ததும் அனுப்பச் சொல்லிக் கேட்பது பேனர் முன்னால் எடுத்த போட்டோவைத்தான், நோட்டை யாரும் கேட்பதில்லை. யாருமே கேட்காத கட்டத்தை யார் நிரப்புவார்கள்? என் சீனியர் ஆபீஸில் கேஸ் கட்டின் மேல் முதலில் எழுதுவது கட்சிக்காரர் போன் நம்பர், வாய்தா தேதி அதற்கு அப்புறம்தான். முதல் நாள் அதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

தங்கச்சி கேட்டாளே என்று போன வாரம் அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் விசாரித்தேன். படிக்கட்டு ரூமுக்கு வெள்ளை அடித்தபோது பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்களாம். இப்போது புது நோட்டு, அதே ஐந்து கட்டம். மூட் கோர்ட் அலமாரி பத்திரமாக இருக்கிறதாம், நீலமும் சிவப்புமாக.

ஆகவே, லீகல் எய்டைப் பற்றி இவ்வளவு நல்லது சொன்ன நானே இன்றைக்குச் சொல்வது: அம்மிணி, நீ மூட் கோர்ட்டில் சேர். ஒரு வழக்கின் காகிதங்களை எப்படி வைத்துக் காப்பாற்றுவது என்று அங்கேதான் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கிலீஷைப் பார்த்துப் பயப்படாதே, முதல் வருடம் ஆராய்ச்சி கொடுத்தால் வாங்கிக்கொள். என் கோட்டு இருக்கிறது, தையல்காரரிடம் கொடுத்து அளவு பிடித்துத் தருகிறேன். மூன்றாம் வருடம் படிக்கட்டு ரூமுக்குப் போ. போகும்போது நோட்டை நீயே வாங்கிக்கொண்டு போய் ஆறு கட்டமாகக் கோடு போடு. வருகிற ஒவ்வொருவருக்கும் சட்ட உதவி எண் 15100-ஐ எழுதிக் கொடு, உன் நம்பரையும் கொடு, அவர்களிடம் போன் இல்லாவிட்டால் மகன் நம்பரோ பக்கத்து வீட்டு நம்பரோ வாங்கு. நம்பர் வாங்க விடாத முகாம் என்றால் நீ போகவே வேண்டாம், ஹாஸ்டலிலேயே படுத்துத் தூங்கு.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், காங்கேயம் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கிற ஒரு அம்மா, அப்பா வீட்டுத் தோட்டத்தைப் பற்றி 2020-ல் முகாமில் கேட்டதாகச் சொன்னால், விடுதலைப் பத்திரத்தில் இன்னும் கையெழுத்துப் போடாமல் இருந்தால் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். சரிபாதி, ஒன்றரை ஏக்கர்.