650 ரூபாய் சைக்கிள் மீட்டர்: பதினாறா, பதினெட்டா?

மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருந்து சைக்கிள் மிதிப்பவனுக்கு இரண்டே வழிதான்: கடல் பக்கம் போனால் இறக்கம், க்யூர்பீப் பக்கம் போனால் ஏற்றம். ஞாயிறு காலையில் நான் ஏற்றத்தைத்தான் பிடிப்பேன். என் வேகம் என்னவென்று பார்க்கும் ஆசையில், போர்ட் லூயிஸில் ஒரு சின்னக் கடையில் பேர் தெரியாத கம்பெனி மீட்டரை 650 மொரீஷியஸ் ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று மாதம் ஆகிறது.

ஒயர் வைத்த மாடல். சக்கரக் கம்பியில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் சென்சார். காந்தம் எத்தனை தடவை கடந்தது என்று எண்ணி, சக்கரச் சுற்றளவால் பெருக்கும்; அவ்வளவுதான் அதன் மூளை. அந்தச் சுற்றளவை நாம்தான் கொடுக்க வேண்டும், கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லை. பெட்டியில் வந்தபடி 2155 மில்லிமீட்டர் இருந்தது. என்னுடையதோ அதைவிடச் சின்ன 26 அங்குலச் சக்கரம். முதல் ஞாயிறு போய்வந்ததும் கூட வந்த தூத்துக்குடித் தம்பியின் போன் 24 கி.மீ. என்றது, என் மீட்டர் 25 என்றது. வீட்டு வாசலில் சாக்பீஸ் கோடு போட்டு, வால்வு கீழே இருக்கும்படி வைத்து, ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று உருட்டி அளந்தேன். 2070. மாற்றினேன், தூரம் சரியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு சராசரியில் மாட்டினேன். ஏறும்போது 12 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். இறங்கும்போது அதே 12 கி.மீ. அரை மணியில். அதாவது 12, 24. கூட்டி இரண்டால் வகுத்தால் 18 வரும் அல்லவா? மீட்டர் 16 காட்டியது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றே கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் உறைத்தது: 24 கி.மீ., ஒன்றரை மணி. வகுத்தால் 16. மெதுவாகப் போன வேகத்தில் இரண்டு மடங்கு நேரம் இருந்திருக்கிறேன், அது தன் பக்கம் இழுக்கத்தானே செய்யும்? பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார். பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

ஆனால் தம்பியின் போனில் 13.7! இருவரும் ஒன்றாகத்தான் போய்வந்தோம். சக்கரம் நின்றால் என் மீட்டரின் கடிகாரமும் நின்றுவிடும். அவன் போனில் ஓடிக்கொண்டே இருக்கும்படி வைத்திருக்கிறான். க்யூர்பீப்பில் தால் பூரி தின்ன கால் மணி நேரம் அவன் கணக்கில் ஏறிவிட்டது. நான் விடவில்லை, மிதித்த நேரம்தானே வேகம் என்றேன். "அண்ணே, மெட்ரோ ஸ்டேஷனில் நிக்கிற நேரத்தைக் கழிச்சுட்டுத்தானா நாம எப்ப போய்ச் சேருவோம்னு சொல்றோம்?" என்றான். போர்ட் லூயிஸிலிருந்து க்யூர்பீப் மெட்ரோவில் 26 கி.மீ., நாற்பது நிமிடம் என்று வைத்தால் சராசரி 39. நின்று ஏற்றிக்கொண்ட நேரமெல்லாம் அதற்குள்தான். பதில் சொல்ல முடியவில்லை.

குறைகள்: ஒரே பட்டன், அதையே எல்லாவற்றுக்கும் அழுத்த வேண்டும். க்யூர்பீப் மழையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்து அரை நாள் எண் தெரியாது. மொத்த நேரம் காட்டும் வசதி இல்லை. அதற்குக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போகிறேன்.

650 ரூபாய்க்கு வாங்கலாம். வாங்கினால் சாக்பீஸும் டேப்பும் எடுத்து வையுங்கள்.