வீட்டிலிருந்து ஒன்லைன் வேலை: தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்குச் சரிவருமா?

2020இல் கொரோனாவோடு நான் வேலை பார்த்த சுற்றுலா அலுவலகத்தை மூடிவிட்டார்கள். வெள்ளவத்தையில் வாடகை வீடு, நானும் மகளும்தான், வேறு வருமானம் இல்லை. அன்றிலிருந்து ஒன்லைன் வேலையில்தான் சீவியம் போகிறது. "அக்கா, அதில் உண்மையாகவே காசு வருமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில், வரும். ஆனால் நம்மைப் போன்றவர்கள் கூலியைப் பார்ப்பதற்கு முன் வேலை எத்தனை மணிக்கு என்று பார்க்க வேண்டும்.

முதலில் செய்தது ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வதும் மொழிபெயர்ப்பும். பிள்ளை நித்திரையான பிறகு செய்யலாம், அது வசதி. இப்படியான வேலைகளை எடுத்துத் தரும் ஃபைவர் தளத்தில் 20 வீதம் கொமிஷனாகப் போய்விடும், வேலை முடிந்தாலும் புதியவர்களுக்குக் காசு விடுபட இரண்டு கிழமை ஆகும். ஒன்லைனில் காசு அனுப்பும் பேபாலில் இலங்கையிலிருந்து காசு கட்டலாம், வாங்க முடியாது, அதனால் அதே மாதிரியான இன்னொரு சேவையான பேயோனியருக்கு எடுத்து அங்கிருந்து வங்கிக்கு மாற்ற வேண்டும், அதற்கும் கழிவு உண்டு. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. இப்போது பலர் மெஷின், அதாவது கணினி, தானாக எழுதியதை அனுப்பி "திருத்தித் தாருங்கள்" என்கிறார்கள், அதற்குக் கூலியும் குறைவு. யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவரின் பேச்சை மெஷின் எழுதியிருக்கும் லட்சணத்துக்கு, அதை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவது சுலபம்.

என்னை நிமிர்த்தியது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் வேலைதான். இதில் மணிக்கூடுதான் எல்லாம். ரொறன்ரோவில் பிள்ளை பள்ளியால் வந்து ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் இங்கே விடியப்புறம் இரண்டரை, அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் மூன்றரை. லண்டன் ஐந்து மணி நமக்கு இரவு ஒன்பதரை, ஒக்டோபர் கடைசியில் அங்கே நேரத்தை மாற்றினால் பத்தரை. அந்த நேரத்தில் சத்தம்போட்டு உயிரெழுத்துச் சொல்லிக்கொடுத்தால் பக்கத்து அறையில் மகள் எப்படித் தூங்குவாள்? மெல்பேர்ணில் மாலை நாலு மணி என்பது இங்கே முற்பகல் பதினொன்றரை, அவர்களின் கோடையில் பத்தரை. மகள் பள்ளியில் இருக்கும் நேரம்! அதனால் கிழமை நாட்களில் அவுஸ்திரேலியா மட்டும், கனடாப் பிள்ளைகள் சனிக்கிழமை மாலை. ஸூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும், எட்டு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் பொறுமையும் கிடையாது. பாடத்துக்கு நம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் கிடைக்கும் இலவசப் புத்தகங்கள் போதும். ஒழுங்கையில் மீன்காரர் "மாலு, மாலு" (சிங்களத்தில் மீன்) என்று கத்துவது மைக்கில் கேட்டுக் கேட்டு, ஒரு பையன் இப்போது வணக்கத்துக்குப் பதிலாக "மாலு" என்று சொல்லிக்கொண்டுதான் திரையில் வருகிறான்.

2022 மின்வெட்டுக் காலம் வேறு கதை, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. அப்போது வாங்கிய ரவுட்டருக்கான சின்ன யூபிஎஸ் இன்றும் கை கொடுக்கிறது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமை, அதை மெல்பேர்ண் தாய் ஒருவருக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாடு! நான் சாட்டுச் சொல்கிறேன் என்றே நினைத்திருப்பார்.

டெலிகிராமில் வரும் "வீடியோவுக்கு லைக் போட்டால் நாளுக்கு ஐயாயிரம்" வகையறா பக்கமே போகாதீர்கள். முதலில் சின்னத் தொகை உண்மையாகவே போடுவார்கள், பிறகு பெரிய வேலைக்கு முற்பணம் கேட்பார்கள், அதோடு ஆள் இல்லை. வேலை தருவதற்கு உங்களிடம் காசு கேட்பவன் வேலை தருபவன் இல்லை, பதிவுக் கட்டணம் என்றாலும் சரி, பயிற்சிக் கட்டணம் என்றாலும் சரி.

குறை என்று பார்த்தால், அலுவலகத்தில் இருந்தபோது சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் போடுவார், இப்போது ஒரு சதம் போட ஆள் இல்லை. சம்பளத் துண்டு இல்லாததால் வங்கியில் கடன் கேட்டுப் போனால் முகத்தைப் பார்த்தே அனுப்பிவிடுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் மெல்பேர்ண் பள்ளி விடுமுறை, வகுப்புகள் பாதியாகும், அதுவும் நம் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்கும் காலம். ஒக்டோபரிலிருந்தே அதற்கென்று ஒதுக்கி வைக்காவிட்டால் திண்டாட்டம்தான். வரியும் இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவருக்குச் செய்யும் வேலைக்கு வரும் வருமானத்துக்கும் வரி உண்டு, வருடத்துக்கு 18 இலட்சம் வரை விலக்கு. என்னைப் போன்றவர்கள் அந்த எல்லையைத் தொடுவதே பெரிய விஷயம், என்றாலும் வந்த காசுக்குக் கணக்கு எழுதி வைத்திருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கடன்பட்டுப் புது லப்டொப் வாங்கத் தேவையில்லை. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் பாவித்தது ஒன்று போதும், பற்றரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். மிச்சக் காசில் நல்ல மைக் உள்ள ஹெட்செட் ஒன்று வாங்குங்கள், காலி வீதி பஸ் ஹோர்ன் சத்தத்துக்கு அது கட்டாயம் வேண்டும்.