பிழைச் செய்தி: ஆங்கிலத்திலா, தாய்மொழியிலா?

நிரல் எழுதப் பழகுபவருக்கு "அரைப்புள்ளி விடுபட்டிருக்கிறது" என்று தன் மொழியிலேயே திரை சொன்னால், அடுத்த நொடியே திருத்திவிடுவார். அதே செய்தி ஆங்கிலத்தில் வந்தால் இரண்டு புதிர்களை அவிழ்க்க வேண்டும்: மொழி ஒன்று, பிழை இன்னொன்று. இந்தச் சுமையை ஆங்கிலம் அறிந்தவர்கள் உணர்வதே இல்லை என்பது என் வருத்தம்.

ஆனால் ஆங்கிலச் செய்திக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அதை அப்படியே தேடுபொறியில் ஒட்டினால் விடைகள் குவியும். மொழிபெயர்த்த வரியைத் தேடினால் பெரும்பாலும் வெறுங்கைதான். மோசமான மொழிபெயர்ப்போ இன்னும் ஆபத்து. நிரலில் எழுத்துத் தொடரைக் குறிக்கும் 'ஸ்ட்ரிங்' என்பதைக் 'கயிறு' என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் தன் செய்திகளைப் பல மொழிகளில் தருகிறது. பைத்தான் நிரல்மொழியின் செய்திகள் ஆங்கிலத்தில்தான். எனக்குப் பிடித்தது சி ஷார்ப் நிரல்மொழியின் வழி: செய்தி எந்த மொழியில் வந்தாலும் அரைப்புள்ளிப் பிழையின் எண் சிஎஸ்1002தான். அந்த எண்ணைத் தேடினால் போதும். ரஸ்ட் நிரல்மொழியிலும் ஈ0382 போன்ற எண்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் விரிவான விளக்கத்தோடு.

தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தாய்மொழிச் செய்தியையே நான் தேர்ந்தெடுப்பேன். எண்ணும் மூல ஆங்கில வரியும் அதன் கீழேயே இருக்க வேண்டும்.