சிங்கப்பூர்த் தண்ணீர் பில்: தண்ணீருக்கு முழு மார்க், விலை ஏற்றுகிற விதத்துக்குப் பாதி

தண்ணீரின் தரத்தை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன், அதில் சண்டை போட ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்து தம்ளரில் பிடித்து அப்படியே குடிக்கலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் வரும், பத்தாவது மாடிக்கும் வரும். சென்னையில் மீட்டரே இல்லாத வீட்டில் இருந்துகொண்டு லாரிக்குத் தனியாக, கேனுக்குத் தனியாகக் காசு கொடுத்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விலை 2025 ஏப்ரல் 1 முதல் ஆயிரம் லிட்டருக்கு, அதாவது ஒரு யூனிட்டுக்கு, 3 வெள்ளி (அதாவது சிங்கப்பூர் டாலர்) 24 காசு, பொருள் சேவை வரி தனி. லிட்டருக்கு மூன்றில் ஒரு காசு கூட ஆகவில்லை. ஆகவே ஐயோ கொள்ளை என்று கத்தப் போவதில்லை. தண்ணீரை விற்கிற அரசாங்க அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் இந்த விலையை எப்படி வைக்கிறது, எப்படி மாற்றுகிறது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

பில்லை எடுத்துப் பாருங்கள், தண்ணீருக்கு மட்டும் மூன்று தனித்தனித் தொகை இருக்கும். தண்ணீர்க் கட்டணம் 1 வெள்ளி 43 காசு. அதன் மேல் 50% தண்ணீர்ச் சேமிப்பு வரி, சுமார் 72 காசு. அப்புறம் பயன்படுத்திய தண்ணீரைக் கொண்டுபோய்ச் சுத்திகரிப்பதற்கு 1 வெள்ளி 9 காசு. இதில் பலருக்குத் தெரியாதது, நடுவில் இருக்கிற அந்தச் சேமிப்பு வரி கழகத்துக்குப் போவதில்லை, கழகம் வசூலித்து அரசாங்கக் கஜானாவில் சேர்க்கிறது. 1991-இல் தொடங்கிய வரி அது. தண்ணீரை அளந்து செலவழிக்க வைப்பதற்காக என்று சொல்கிறார்கள், சரி, நியாயம்தான். ஆனால் தண்ணீர்க் கட்டணத்தில் 10 காசு ஏறினால் வரியும் தானாக 5 காசு ஏறிக்கொள்ளும், அதற்குத் தனி அறிவிப்பு எதுவும் தேவையில்லை. இந்த ஏற்பாட்டை யோசித்தவர் கெட்டிக்காரர்.

விலை வைக்கும் அடிப்படை எனக்குப் பிடித்திருக்கிறது. இன்றைக்குக் குழாயில் வருகிற தண்ணீருக்கு என்ன செலவானது என்று அவர்கள் பார்ப்பதில்லை, இனி ஒரு சொட்டு கூடுதலாக வேண்டுமென்றால் அதற்கு என்ன செலவாகும் என்று பார்க்கிறார்கள். காப்பிக்கடையில் எப்போது தண்ணீர் விலைப் பேச்சு வந்தாலும் ஒருவர், "ஜோகூர்த் தண்ணீர் ஆயிரம் கேலன் 3 சென், நம்மிடம் எவ்வளவு வாங்குகிறான் பார்" என்று ஆரம்பிப்பார். பக்கத்து மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தோடு போட்ட 1962 ஒப்பந்தத்தில் அந்த விலை, மலேசியக் காசில், இருப்பது உண்மை, தினம் 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது, அந்த ஒப்பந்தப்படி 25 கோடிக்கு மேல் எடுக்கவும் முடியாது. கூடுதல் சொட்டு வர வேண்டுமென்றால் ஒன்று கழிவுநீரைத் திரும்பச் சுத்திகரித்த நியூவாட்டரிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கடலிலிருந்து வர வேண்டும். கடல் நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்குச் சுமார் மூன்றரை யூனிட் மின்சாரம் போகிறது. 2005-இல் துவாஸில் முதல் ஆலை வந்தது, 2022-இல் ஜூரோங் தீவில் ஐந்தாவது வந்தது. இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் அந்த 3 சென் விலையை வைத்துக் கட்டணம் போட்டால் 2061-இல் நம் பேரப்பிள்ளைகள் மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இன்னொன்று கேட்பார்கள்: 2011-இல் ஹைஃப்ளக்ஸ் நிறுவனம் ஆயிரம் லிட்டர் கடல்நீரைச் சுத்திகரித்து முதல் வருடம் 45 காசுக்குத் தருவதாக ஒப்பந்தம் எடுத்ததே, அது என்ன ஆனது? அந்த நிறுவனம் கடனில் மூழ்கி, 2019-இல் ஆலையைக் கழகமே எடுத்துக்கொண்டது, அதுதான் ஆனது. அதோடு, அது ஆலை வாசலில் கொடுக்கிற விலை மட்டும்தான், அதற்குப் பிறகு குழாய், பம்ப், சாக்கடை, தரைக்கு அடியில் ஆழத்தில் ஓடும் கழிவுநீர்ச் சுரங்கம் எல்லாம் இருக்கிறது.

சரி, இதுவரை பாராட்டு.

2000-ஆம் ஆண்டு ஜூலைக்குப் பிறகு பதினேழு வருடம் விலையைத் தொடவே இல்லை. அந்தப் பதினேழு வருடத்தில் ஆலை மேல் ஆலையாகக் கட்டினார்கள், மின்சார விலை ஏறி இறங்கியது, ஆட்கள் பெருகினார்கள், தண்ணீர் விலை மட்டும் அசையவில்லை. அப்புறம் 2017 பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டத்தை வாசித்த நிதியமைச்சர் ஹெங் சுவீ கியெட், இரண்டு கட்டமாக 30% ஏறும் என்றார். ஜூலையில் முதல் கட்டம், அடுத்த ஜூலையில் இரண்டாவது. யாரிடமும் முன்கூட்டிக் கேட்கவில்லை. மார்ச் மாதம் ஹோங் லிம் பூங்காவில் இதற்காகக் கூட்டம் போட்டு ஜனங்கள் கோபத்தைக் கொட்டினார்கள், இந்த ஊரில் அது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை.

அந்த 30% என்ற எண்ணே எனக்குப் பெரிய குறை. பழைய விலை 2 வெள்ளி 10 காசு, புது விலை 2 வெள்ளி 74 காசு என்று காட்டினார்கள். அதற்கு முன்னால் பில்லில் கழிப்பறை ஒன்றுக்கு மாதம் 2 வெள்ளி 80 காசு என்று ஒரு நிலையான கட்டணம் தனியாக இருந்தது, நீங்கள் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது மாறாது. அதைச் சராசரியாகப் பிரித்துச் சேர்த்துத்தான் அந்த 2 வெள்ளி 10 காசு, அது இல்லாமல் யூனிட் விலை 1 வெள்ளி 80 காசுதான். 2017-இல் அதை எடுத்துவிட்டு, அந்தப் பணத்தையும் யூனிட் விலைக்குள் சேர்த்துவிட்டார்கள். கேட்க எளிமையாக இருக்கிறது, யாருக்கு எவ்வளவு ஏறியது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் தெரியும்.

இரண்டு கழிப்பறை உள்ள வீவக வீட்டில் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்ற அரசாங்க அமைப்பு கட்டிய அடுக்குமாடி வீடு) வயதான தம்பதி, மாதம் 8 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் யூனிட்டுக்கு 1 வெள்ளி 80 காசு வீதம் 14.40, கழிப்பறைக்கு 5.60, மொத்தம் சரியாக 20 வெள்ளி. 2018 ஜூலைக்குப் பிறகு 21.92. பத்து சதவீதம் கூட ஏறவில்லை. அதே மாதிரி வீட்டில் தாத்தா பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர், 25 யூனிட். பழைய கணக்கில் 50.60, புதுக் கணக்கில் 68.50. 35% ஏற்றம். இரண்டு வீட்டுக்கும் செய்தியில் வந்தது ஒரே 30% தான். கூட்டுக் குடும்பமாக இருங்கள், பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பக்கம் மானியம் கொடுத்துச் சொல்லிவிட்டு, இன்னொரு பக்கம் அந்தக் குடும்பத்தின் பில்லில்தான் அதிகமாகக் கை வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு அட்டவணையை அன்றைக்கே அவர்களே போட்டிருக்கலாம்.

மாதம் 40 யூனிட் தாண்டினால் விலை கூடும் என்ற விதியும் இதே ரகம்தான், அந்த 40 வீட்டுக்கு, தலைக்கு இல்லை. ஓர் ஆள் தனியாக இருந்துகொண்டு எவ்வளவு வீணாக்கினாலும் அந்தக் கோட்டைத் தொடுவது கஷ்டம். சிக்கனமாக இருக்கும் பத்து பேர் வீடு தொட்டுவிடும்.

2023 செப்டம்பரில் அறிவித்த ஏற்றத்தில் கொஞ்சம் திருந்தியிருந்தார்கள். ஆறு மாதத்துக்கும் மேல் அவகாசம் கொடுத்தார்கள், 2024 ஏப்ரலில் 20 காசு, 2025 ஏப்ரலில் 30 காசு என்று காசுக் கணக்கிலேயே சொன்னார்கள், எரிசக்தி, ரசாயனம், கட்டுமானச் செலவு ஏறியதைக் காரணமாகக் காட்டினார்கள். ஆறு வருடத்துக்குள் அடுத்த ஏற்றம் என்பதால் அடியும் பெரிதாகப் படவில்லை. ஆனால் மின்சார விலையைப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மாறுகிறது, அதைச் சரிபார்க்க எரிசக்திச் சந்தை ஆணையம் என்று தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. தண்ணீருக்கு விற்பவரும் விலை வைப்பவரும் ஒரே கழகம், அரசாங்கம் தலையாட்டினால் போதும். வருடா வருடம் ஒரு தேதியில் சூத்திரத்தைக் காட்டி இரண்டு காசு ஏற்றினாலோ குறைத்தாலோ யாரும் பூங்காவுக்குப் போக மாட்டார்கள்.

அரசாங்கம் கொடுக்கிற யு-சேவ் தள்ளுபடி பற்றி ஒரு வார்த்தை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீவக வீடுகளின் பில்லில் கழிக்கப்படும், சின்ன வீட்டுக்கு அதிகம், பெரிய வீட்டுக்குக் குறைவு, தனியார் வீட்டுக்குக் கிடையாது. நல்ல உதவி. அதுவும் வீட்டின் அளவைப் பார்த்துத்தான் வருகிறது, உள்ளே எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. அது கழிந்த மாதங்களில் பில் குறைவாகத் தெரிவதால், விலை ஏறியதே பலருக்கு உறைப்பதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தரம் அஞ்சுக்கு அஞ்சு, விலையின் அடிப்படை நாலு, மாற்றுகிற விதம் இரண்டரை.

புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒன்று: பழைய மீட்டர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் நேரில் வந்து ரீடிங் எடுப்பார்கள், நடுவில் வருகிற பில் உத்தேசக் கணக்கு. ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த மாதத்துக்கும் வழக்கமான தொகை வந்தால் பதறாதீர்கள், அடுத்த பில்லில் சரியாகிவிடும். அதுவரை காத்திருக்கப் பிடிக்காவிட்டால் பில் அனுப்புகிற எஸ்பி நிறுவனத்தின் செயலியில் நீங்களே ரீடிங்கை அனுப்பிவிடலாம்.