ரெடிமிக்ஸ் கான்கிரீட்: மூன்றாவது லாரியை நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்

போன வருஷம் ஏப்ரலில், கூடுவாஞ்சேரி பக்கம் நாங்கள் கட்டும் வீட்டுக்குக் கீழ்த்தளக் கூரை போட்டோம். அப்பா ரிட்டயர் ஆனபோது வந்த பணம் மொத்தமும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. ஜல்லியும் எம்-சாண்டும் கொட்டத் தெருவில் இடமில்லை. பிளான்ட்டில் எடை போட்டுக் கலப்பார்கள், தரம் மாறாது என்று ரெடிமிக்ஸுக்கு எல்லோரையும் சம்மதிக்க வைத்தது நான்தான். எம்25 தரம் (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டிய கலவை), 18 கன மீட்டர், மூன்று லாரி. பம்ப் வாடகையோடு முழுத் தொகையையும் முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள்.

முதல் இரண்டு லாரியும் ஒன்பதரைக்குள் இறங்கி முடிந்தன. மூன்றாவதைக் காணோம். போன் போட்டால், "வந்துட்டே இருக்கான் சார்". வந்து நின்றபோது மணி பன்னிரண்டு நாற்பது. சலானைப் பார்த்தேன், பிளான்ட்டில் லோடு ஏற்றிய நேரம் 9.20. கலவையில் தண்ணீர் சேர்ந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4926-ன் விதி. இறுகுவதைத் தள்ளிப்போடும் ரிடார்டர் சேர்ப்பதாக முன்பே பேசியிருந்தால் அதற்கு மேல் போகலாம். எங்களிடம் அப்படி எந்தப் பேச்சும் இல்லை.

கலவை கெட்டியாகிப் பம்ப்பில் ஏறவில்லை. டிரைவர் லாரியில் இருந்த டேங்க்கின் ஹோஸை எடுத்து டிரம்முக்குள் விட்டார். "என்னண்ணே பண்றீங்க?" என்றேன். "தண்ணி விட்டாத்தான் சார் எறங்கும்" என்றார். மேஸ்திரியும் "எல்லா எடத்துலயும் இப்படித்தான் சார்" என்றார். மேலே இருபது பேர் வெயிலில் காத்திருந்தார்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். பம்ப்புக்காகக் கலவையை இளக்க வேண்டுமென்றால், பிளான்ட்டின் ஆளே வந்து அதற்கான அட்மிக்சரை (கலவையில் சேர்க்கும் ரசாயனம்) அளந்து ஊற்ற வேண்டும். வெறும் தண்ணீர் விட்டால் சிமெண்டுக்கும் தண்ணீருக்குமான விகிதம் கெட்டு, பலம் அப்படியே இறங்கிவிடும்.

அளவும் குறைந்தது. இன்ஜினியர் கணக்குப்படி 17 கன மீட்டரே போதும். 18 வாங்கியும் போர்டிகோ மூலையில் ஆறடி நிரம்பவில்லை, அங்கே கையால் கலந்து போட்டோம். கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,400 கிலோ இருக்கும். அப்படியானால் 6 கன மீட்டர் லோடு 14 டன்னுக்கு மேல் நிற்க வேண்டும். லாரியை லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை எடைமேடையில் ஏற்றியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இன்ஜினியர் லாரிக்கு மூன்று க்யூப் (சோதனைக்காகக் கலவையை அச்சில் குத்தி நிரப்பி வார்க்கும் கட்டி) எடுத்து வைத்திருந்தார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. 28 நாள் கழித்து லேபில் உடைத்தபோது சதுர மில்லிமீட்டருக்கு முதல் லாரி சராசரி 29 நியூட்டன், மூன்றாவது 17. கம்பெனிக்காரர்கள் "க்யூபை நீங்க சரியா குத்தல" என்றார்கள். கூரையிலிருந்தே கோர் (துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துப் பார்த்தோம். சராசரி, கேட்ட தரத்தில் 85 சதவீதமாவது வர வேண்டும், அதாவது 21.25. வந்தது 18. அதற்குப் பிறகு அவர்கள் போனையே எடுக்கவில்லை. பணம் முழுவதும் கொடுத்தாயிற்று, பிடித்து வைக்க எங்கள் கையில் எதுவும் இல்லை.

இப்போது ஹாலின் குறுக்கே ஒரு இரும்பு பீம் கொடுத்திருக்கிறோம். அதற்கு ஒன்றேகால் லட்சம் ஆனது. இரண்டாவது லாரி முடிந்த இடத்துக்கும் மூன்றாவது தொடங்கிய இடத்துக்கும் நடுவே மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்ததே, அந்த இணைப்பில் முதல் மழைக்கே ஈரம் இறங்கியது.

மாடித் தளத்துக்கு வேறு இடத்தில் வாங்கினோம். கால் பங்குத் தொகையை க்யூப் ரிசல்ட் வந்த பிறகுதான் தருவோம் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்கினேன். நேரம் தாண்டி வந்தாலோ, தண்ணீர் விட்டாலோ லோடு திரும்பப் போகும் என்றும் எழுதச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு கையெழுத்துப் போட்டார்கள். கான்கிரீட் போட்ட அன்று, ஒவ்வொரு லாரி வந்து நிற்கும்போதும் அந்த ஹோஸுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அப்பாவே உட்கார்ந்திருந்தார்.